கொள்கை யார் கையில்?

(யூபிலி ஆண்டையொட்டி, இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதிப் பங்கு மக்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



யூபிலிக் கூட்டம் என்றால் கோயில் கட்டிய வரலாறு பேசப்படும். மறைந்த குருக்கள் நினைவுகூரப்படுவார்கள். கொடிமரத்துக்கும் மணிக்கூண்டுக்கும் பணம் தந்தவர்களின் பெயர்கள் வாசிக்கப்படும். அதற்கு நடுவே "கொள்கை" என்ற வறண்ட சொல்லைத் தூக்கிக்கொண்டு நாங்கள் வந்து நிற்கிறோம். காரணம் இருக்கிறது. இவ்விரு ஊர்களிலும் உடல் ஊனமுற்றோர், பார்வையற்றோர், காதுகேளாதோர், மூளை வளர்ச்சி குன்றியோர் ஆகியோரின் வீடுகளைச் சந்தித்துவரும் சிறு குழுவினர் நாங்கள். அட்டைக்கு எழுதிக் கொடுப்பது, உதவித்தொகை நின்றுபோனால் மனுப் போடுவது, விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்துக்குத் துணைக்குப் போவது, இவைதாம் எங்கள் அலுவல். இந்த யூபிலி ஆண்டில் நம் பங்கும் மாற்றுத்திறனாளிகளைக் குறித்து எழுத்தில் ஒரு கொள்கை வைத்துக்கொள்ளலாமா என்று பங்குப் பேரவை எங்களைக் கேட்டது. "நாங்கள் புதிதாக எழுதுவதற்கு முன், இதில் பழம் தின்று கொட்டை போட்ட சங்கங்கள் எப்படிச் செய்கின்றன என்று பார்த்துச் சொல்கிறோம்" என்றோம். அப்படிப் பார்த்ததைத்தான் இங்கே சொல்ல வருகிறோம்.

முதலில் ஒரு பழைய சண்டையைச் சொல்ல வேண்டும். 1980-ஆம் ஆண்டு கனடா நாட்டு வின்னிபெக் நகரில் மறுவாழ்வுத் துறையினரின் உலக மாநாடு கூடிற்று. மருத்துவர்கள், உடற்பயிற்சி நிபுணர்கள், நிறுவன அதிபர்கள் எனப் பெரிய மனிதர்கள் பலர். எல்லாரும் நல்லவர்கள், ஊனமுற்றோருக்காகவே வாழ்நாளைச் செலவிட்டவர்கள். அங்கே சுவீடன் நாட்டார் ஒரு யோசனை சொன்னார்கள்: இவ்வமைப்பின் பிரதிநிதிகளில் பாதிப்பேராவது ஊனமுற்றோராக இருக்கட்டும் என்றார்கள். யோசனை தோற்றது. அம்மாநாட்டுக்கு வந்திருந்த ஊனமுற்றோர் தனியே கூடிப் பேசினார்கள். அடுத்த ஆண்டே, 1981 இறுதியில், சிங்கப்பூரில் தங்களுக்கென்று ஓர் உலக அமைப்பைத் தொடங்கிவிட்டார்கள். எங்களை விட்டுவிட்டு எங்களைப் பற்றி எதையும் முடிவு செய்யாதீர்கள் என்று பிற்காலத்தில் உலகெங்கும் ஒலித்த முழக்கத்தின் வேர் இதுதான்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம்? ஒரு சங்கத்தின் கொள்கையில் என்ன எழுதியிருக்கிறது என்பது இரண்டாவது கேள்வி. அதை எழுதும்போது அறையில் யார் இருந்தார்கள் என்பதே முதற்கேள்வி. வின்னிபெக்கில் தோற்றது இந்த முதற்கேள்வி.

அந்த 1981-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்திருந்தது. நமக்குத் தெற்கே, தென்காசி சாலையில் போனால் எட்டிவிடும் ஆய்க்குடியில், அமர் சேவா சங்கம் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். தொடங்கியவர் ராமகிருஷ்ணன். கடற்படை அதிகாரித் தேர்வுக்குப் போன இடத்தில் 1975-இல் கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழே அசைவற்றுப் போனவர். தமக்குச் சிகிச்சை தந்த இராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரையே சங்கத்துக்கு வைத்தார். பின்னர் 1992-இல் அவரோடு சேர்ந்த சங்கர ராமன், தசைச் சிதைவு நோயுள்ள ஒரு கணக்காய்வாளர். நம் ஊர்களிலிருந்து பல பெற்றோர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் வந்திருக்கிறார்கள். போய்வந்தவர்கள் சிகிச்சையைப் பற்றிச் சொல்வார்கள், கட்டடங்களைப் பற்றிச் சொல்வார்கள். எங்களுக்கு அங்கே பெரிதாகத் தெரிவது வேறொன்று: நாற்காலியில் இருப்பவரே தலைமை இடத்தில் இருந்தார், தீர்மானிப்பவரும் அவரே.

அமர் சேவா சங்கம் தொண்டு நிறுவனம். உரிமைக்காகப் போராடும் சங்கங்கள் வேறு ரகம். தமிழ்நாட்டில் அவற்றுள் பெரிதாகக் கண்ணில் படுவதன் முழுப்பெயர், தமிழ்நாடு அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கம். மூச்சு வாங்கும் பெயர்தான். ஆனால் அந்த நீளத்துக்குள்ளேயே இரண்டு கொள்கை முடிவுகள் அடங்கியிருக்கின்றன. "அனைத்து வகை" என்கிறார்கள். பார்வையற்றோர்க்குத் தனிச் சங்கம், காதுகேளாதோர்க்குத் தனிச் சங்கம் என்று பிரிந்து கிடந்தால், அரசு ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டைப் போட்டு அனுப்பிவிடும் என்ற அனுபவம் அதிலே இருக்கிறது. "பாதுகாப்போர்" என்கிறார்கள். தாயும் தகப்பனும் தமக்கையும் சங்கத்துக்கு வெளியே நிற்கும் பார்வையாளர்கள் அல்லர் என்பது அதிலே இருக்கிறது.

இந்த இரண்டாவது முடிவு எளிதானதன்று. எங்களுக்குள்ளேயே இதைப் பற்றி நெடுநேரம் வாதம் நடந்தது. பாதுகாப்போரைச் சேர்த்துக்கொண்டால் பேச்செல்லாம் அவர்கள் பேச்சாகவே ஆகிவிடாதா? மில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். மூளை வளர்ச்சி குன்றிய மகன், முப்பது வயதிருக்கும். தாய் அரைமணி நேரம் பேசினார், கண்ணீர் விட்டார், எல்லாம் உண்மையான துன்பம். எழுந்து வரும்போது எங்களில் ஒருவர் அந்த மகனிடம், "தம்பி, உனக்கு என்னப்பா வேணும்?" என்று கேட்டார். "பஸ்" என்றான். அவ்வளவுதான். முக்கு ரோட்டில் பஸ் போவதை வாசலில் உட்கார்ந்தே பார்த்திருக்கிறானே தவிர, அதில் ஏறி வருஷக்கணக்காகிவிட்டது. தாய் கேட்டது உதவித்தொகை. மகன் கேட்டது பஸ். இரண்டில் ஒன்றைத் தள்ளிவிட முடியுமா? 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இத்தகையோர்க்குக் காப்பாளரை நியமிக்க வழி செய்தது. 2016-ஆம் ஆண்டின் சட்டமோ, காப்பாளர் இருந்தாலும் முடிவை அவருக்காக எடுக்காதே, அவரோடு கூடி எடு என்ற திசையில் நகர்ந்திருக்கிறது. ஆகையால், வீட்டாரிடம் பேசியபின் தவறாமல் அவரிடமும் கேட்க வேண்டும் என்பதை எங்கள் குழுவின் எழுதப்பட்ட விதியாக வைத்துக்கொண்டோம். எரிகோ சாலையோரத்தில் கத்திக்கொண்டிருந்த பார்வையற்ற பர்த்திமேயுவுக்கு என்ன தேவை என்று கூட்டத்தில் யாருக்குத்தான் தெரியாது? இருந்தும் ஆண்டவர் அவனைக் கூப்பிட்டு அவன் வாயாலேயே கேட்டார் அல்லவா?

நிற்க. கொள்கை எப்படி வகுக்கப்படுகிறது என்பதைப் பார்ப்போம். உறுப்பினரை நம்பி நடக்கும் சங்கங்களில், தலைவர் ஒருவர் இரவில் உட்கார்ந்து எழுதிக் காலையில் அச்சடித்துவிடுவதில்லை. வரைவு ஒன்று கீழே வரும். ஊர்க்கிளை, வட்டம், மாவட்டம் என்று அது ஏறும். ஒவ்வொரு படியிலும் திருத்தம் சொல்லலாம். மாநாட்டில் தீர்மானமாக நிறைவேறும். இதெல்லாம் எந்தச் சங்கத்துக்கும் பொது. மாற்றுத்திறனாளிகள் சங்கத்துக்கு மட்டும் மேலும் சில தொல்லைகள் உண்டு. காதுகேளாதவர் எப்படித் திருத்தம் சொல்வார்? சைகை மொழி தெரிந்தவர் மேடைக்குப் பக்கத்தில், வெளிச்சத்தில் நிற்க வேண்டும். பார்வையற்றவர் வரைவை எப்படிப் படிப்பார்? பிரெயில் வேண்டும், அல்லது ஒலிப்பதிவு வேண்டும். மூளை வளர்ச்சி குன்றியவர்க்கு? சின்னச் சின்ன வாக்கியங்களில், படம் போட்டு ஒரு பிரதி வேண்டும். நாற்காலிக்காரர் கூட்டம் நடக்கும் மாடிக்கு எப்படி ஏறுவார்? ஏற முடியாவிட்டால் கூட்டத்தைக் கீழே நடத்த வேண்டும். இவ்வளவுக்கும் செலவும் ஆகும், நேரமும் ஆகும். "சீக்கிரம் முடிங்கப்பா" என்பவர் எல்லாச் சங்கத்திலும் இருக்கிறார். ஆனால் சீக்கிரம் முடிந்த கொள்கையில் மெதுவாகப் பேசுகிறவரின் சொல் இருக்காது.

சரி, வகுத்தாயிற்று. வகுத்ததை வைத்து என்ன செய்கிறார்கள்? இங்கேதான் விஷயம் சுவையாகிறது.

நம் நாட்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1981-இல் ஊனமுற்றோரைப் பற்றிய கேள்வி இருந்தது. 1991-இல் எடுத்துவிட்டார்கள். 2001-க்கும் முதலில் இல்லை. எங்களை எண்ணாமல் எங்களுக்குத் திட்டம் போட முடியாது என்பதைத் தம் கொள்கையாகவே வைத்திருந்த சங்கங்கள், டெல்லியில் விடாமல் நின்று அந்தக் கேள்வியைத் திரும்பக் கொண்டுவந்தன. 2001-இல் நாடு முழுவதும் 2 கோடியே 19 இலட்சம் பேர் என்று கணக்கு வந்தது. 2011-இல் 2 கோடியே 68 இலட்சம். எண்ணியது கொள்கைக்குக் கிடைத்த வெற்றி. ஆனால் அத்தோடு கொள்கையை மடித்து வைத்துவிட முடியாது. தமிழ்நாட்டின் கணக்கைப் பாருங்கள்: 2001-இல் 16 இலட்சத்துக்கு மேல், 2011-இல் 11 இலட்சத்து 79 ஆயிரம்தான். பத்தாண்டில் நாலரை இலட்சம் பேர் எழுந்து நடந்துவிட்டார்களா? அப்படியொரு புதுமை நடந்திருந்தால் நம் கோயில் மணி அடித்திருக்குமே! கேள்வி கேட்ட விதமும், வகை பிரித்த விதமும் மாறின. 2011 படிவத்தில் இருந்தவை எட்டு வகை. 2016 சட்டம் ஒப்புக்கொள்பவை 21 வகை. அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஆம் தேதியை ஆதாரமாகக் கொண்டு நடக்கும் என்று 2025-இல் அறிவித்தார்கள். சங்கங்கள் இதில் கவனமாக இருப்பது மேலே. கீழே நாம் செய்ய வேண்டியதும் உண்டு. எண்ண வருபவரிடம் "வீட்டில் அப்படி யாரும் இல்லை" என்று சொல்லும் குடும்பங்கள் நம் பங்கிலும் இருக்கின்றன. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும் நேரத்தில் இன்னும் உரக்கச் சொல்கிறார்கள்.

சட்டத்தின் கதையிலும் இதே பாடம். 1995 டிசம்பரில் முதற்சட்டம் வந்தது. வேலையில் 3 விழுக்காடு ஒதுக்கீடு தந்தது. ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கை 2006-இல் உருவாகி, 2007-இல் இந்தியா அதை ஏற்றபின் பழைய சட்டம் போதாமல் போயிற்று. புதிய மசோதா 2014-இல் மாநிலங்களவைக்கு வந்தபோது சங்கங்களே இரண்டாகப் பிரிந்தன. இப்போது கிடைப்பதை வாங்கிக்கொள்வோம், பிறகு திருத்துவோம் என்றனர் ஒரு சாரார். குறையுள்ள சட்டம் ஒருமுறை வந்துவிட்டால் இன்னும் இருபதாண்டுக்கு அதுவே கதி என்றனர் மறுசாரார். இரு பக்கமும் நேர்மையானவர்கள். இத்தகைய நேரத்தில்தான் எழுதப்பட்ட கொள்கை உதவுகிறது. எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் கூடாது என்று முன்பே பேசி வைத்திருந்தால் கடைசி நேரத்தில் ஒருவரையொருவர் துரோகி என்று ஏச வேண்டியதில்லை. ஒருவழியாக 2016 டிசம்பரில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நிறைவேறி, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. வேலையில் 4 விழுக்காடு, உயர்கல்வியில் 5 விழுக்காடு. நியாயமான நோக்கத்துக்கு ஏற்ற வழியென்றால் வேற்றுமை காட்டலாம் என்று பொருள்படும் ஒரு பிரிவு மட்டும் உள்ளே தங்கிவிட்டது. சங்கங்கள் அதை எதிர்த்தன, சட்டத்தை வரவேற்றன, எதிர்ப்பையும் கைவிடவில்லை. மூன்றையும் ஒரே நேரத்தில் செய்யலாம் என்பது நமக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அச்சட்டத்தில் எங்களுக்கு அடிக்கடி கைகொடுப்பது ஒரு சிறு வரி. மற்றவர்க்கான உதவித் திட்டத்தைக் காட்டிலும் அதே வகைத் திட்டத்தில் மாற்றுத்திறனாளிக்குக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாகக் கிடைக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2023 ஜனவரி முதல் மாற்றுத்திறனாளிகளின் மாத உதவித்தொகை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆயிற்று. அதே ஆண்டில் முதியோர் உதவித்தொகை 1,200 ஆனது. பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1,200-க்கு 25 விழுக்காடு கூட்டினால் சரியாக 1,500. சட்டத்தின் கோடு எங்கே இருக்கிறதோ அங்கேயே போய் நின்றுவிட்டது! ஆகவே, அதற்குமேல் கேட்க விரும்பும் சங்கம் சட்டத்தை மட்டும் காட்டிப் பயனில்லை. தன் கொள்கையைக் காட்ட வேண்டும். ஆந்திரத்தில் 2024 ஜூலை முதல் 6,000 ரூபாயும், முற்றிலும் முடங்கிப்போனவர்க்கு 15,000 ரூபாயும் தருகிறார்களே, இங்கே ஏன் இல்லை என்று சங்கங்கள் சாலையில் உட்கார்ந்தது இப்படித்தான். சட்டம் சொல்வது குறைந்த அளவு. ஒரு மனிதன் கௌரவமாக வாழ எவ்வளவு ஆகும் என்பதைச் சங்கம்தான் சொல்ல வேண்டும்.

உள்ளாட்சி விஷயமும் அப்படியே. கவுன்சில் கூட்டத்தில் தாங்களும் உட்கார வேண்டும் என்பது சங்கங்களின் நெடுநாள் கோரிக்கை. 2025 ஏப்ரலில் தமிழக சட்டமன்றம் அதற்காகச் சட்டம் திருத்தியது. நகர்ப்புறத்தில் 650 பேர், ஊராட்சிகளில் 12,913 பேர், ஒன்றியங்களில் 388 பேர், மாவட்ட ஊராட்சிகளில் 37 பேர் என நியமன உறுப்பினர்களாக வர அது வழிவிட்டது. இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய இரு நகராட்சிகளும் அதனுள் அடங்கும். மகிழ்ச்சிதான். ஆனால் நியமனம் வேறு, மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது வேறு என்பதையும் மறக்காமல் இருப்பது சங்கத்தின் வேலை. நியமித்தவர் முகம் பார்த்துப் பேச வேண்டிய நிலை வந்துவிடக்கூடாது.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊனமுற்றோர் என்றிருந்ததைத் தமிழ்நாடு அரசு 2010-இல் மாற்றுத்திறனாளிகள் என்று மாற்றிற்று. 2015 இறுதியில் டெல்லியிலிருந்து, தெய்வீக உறுப்புடையோர் என்று பொருள்படும் "திவ்யாங்" என்ற சொல் வந்தது. அதைச் சங்கங்கள் பல எதிர்த்தன. எங்களைத் தெய்வமாக்க வேண்டாம், படியில் ஒரு கைப்பிடி வைத்தால் போதும் என்பதே அவர்கள் எண்ணம். பெயருக்காக நாங்கள் அதிகம் சண்டை போடுவதில்லை. ஆனாலும் நம் ஊரில் இன்னமும் ஆளை ஊனத்தின் பெயராலேயே, அதுவும் அவர் காதில் விழும்படி, அழைக்கும் வழக்கம் போகவில்லை. அவருக்கு ஞானஸ்நானத்தில் ஒரு பெயர் வைத்தோமே, அதனால் கூப்பிடலாம்.

இனி நம் ஊருக்கு வருவோம். இராஜபாளையம் நூற்பாலைகளின் ஊர். பக்கத்துச் சத்திரப்பட்டி, ஆஸ்பத்திரிகளுக்குப் பேண்டேஜ் துணி நெய்து அனுப்பும் ஊர். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா, நெசவு, கோர்ட்டுக் கச்சேரி. அடிபட்டவர்க்குக் கட்டும் துணி இங்கிருந்து ஊரூருக்கும் போகிறது. ஆனால் அடிபட்டுக் கால் போனவருக்கு இங்கே வேலை கிடைக்கிறதா? 2016 சட்டமும் 2017 விதிகளும் ஒன்று சொல்கின்றன. 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் தனியார் நிறுவனமும் "சம வாய்ப்புக் கொள்கை" ஒன்றை எழுதி, எல்லாருக்கும் தெரியும்படி வெளியிட வேண்டும். எந்தெந்த வேலைக்கு மாற்றுத்திறனாளிகள் பொருத்தமானவர்கள், அவர்களுக்கு என்னென்ன வசதி உண்டு, ஆளெடுப்பதும் பயிற்சியும் எப்படி, யாரிடம் போய்க் கேட்பது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். நிறுவனம் என்றவுடன் மில்லை மட்டும் நினைக்காதீர்கள். அச்சட்டம் அறக்கட்டளையையும் சங்கத்தையும் சேர்த்தே சொல்கிறது. அப்படியானால் ஆசிரியர்களும் அலுவலரும் ஆயாக்களுமாக இருபது பேரைத் தாண்டிய நம் பள்ளிக்கூடங்களும்தான். மில் முதலாளியின் கதவைத் தட்டுமுன் நம் கதவை நாமே தட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது.

பள்ளிக்கூடம் என்றதும் ஒரு தகராறு எழும். காதுகேளாத பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பதா, சிறப்புப் பள்ளிக்கு அனுப்புவதா? பாளையங்கோட்டையில் 1897 முதல் பிளாரன்ஸ் சுவைன்சன் காதுகேளாதோர் பள்ளி இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக நம் பக்கத்துப் பிள்ளைகள் அங்கே போயிருக்கிறார்கள். சட்டம் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி தந்து, அருகிலுள்ள பள்ளியா சிறப்புப் பள்ளியா என்பதைத் தேர்ந்துகொள்ளும் உரிமையையும் தருகிறது. சங்கங்களில் சில, எல்லாரும் ஒரே பள்ளியில் என்பதைக் கொள்கையாக வைத்திருக்கின்றன. நல்ல கொள்கை. ஆனால் சைகை மொழி தெரிந்த ஆசிரியர் ஒருவர்கூட இல்லாத வகுப்பில் அந்தப் பிள்ளையை உட்கார வைத்துவிட்டு, கொள்கைப்படி நடந்துவிட்டோம் என்று திருப்திப்பட நமக்கு மனம் வரவில்லை. பிள்ளையின் வாழ்க்கையைக் கொள்கைக்குப் பலி கொடுக்கக்கூடாது. ஆசிரியரை நியமிக்கச் சொல்லிக் கேட்கவே கொள்கை.

நம் யூபிலித் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். விழா மேடையில் இருபத்தைந்து பேரை வரிசையாக ஏற்றிச் சேலை, வேட்டி, இரண்டு பேருக்கு மூன்று சக்கர வண்டி கொடுப்பது என்று முதலில் பேச்சு இருந்தது. நல்ல மனத்தோடு சொன்ன யோசனை. நாங்கள் அந்த இருபத்தைந்து பேரில் பதினெட்டுப் பேரை வீட்டில் போய்ப் பார்த்துக் கேட்டோம். வண்டி வேண்டும் என்றவர்கள் இருந்தார்கள். படம் எடுக்கக்கூடாது என்றவர்கள் இருந்தார்கள். போலியோவால் இரு காலும் சூம்பிப்போன ஓர் அக்கா, "சேலை குடுத்தா வாங்கிக்கிடுவேன், வேண்டாம்னு சொல்லல. ஆனா பாட்டுக் கோஷ்டியில என்னைச் சேத்துக்கிட மாட்டேங்கிறாங்களே, அதைக் கேட்டுச் சொல்லுங்க" என்றார். அவரைச் சேர்க்கக்கூடாது என்று யாரும் முடிவு செய்யவில்லை. பாடகர் மாடம் மேலே இருக்கிறது, குறுகிய மரப்படி. அந்தப் படிதான் முடிவு செய்துவிட்டது.

படிக்கு மாற்றுச் சாய்தளம். இதிலும் ஒரு செய்தி உண்டு. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. கோயில் முகப்பில் அரையடி வீதம் மூன்று படி இருந்தால், ஒன்றரை அடி ஏற 18 அடிச் சாய்வு வேண்டும். நம் கொத்தனார்கள் மோட்டார் சைக்கிளை ஏற்றுவதற்குப் போடும் சரிவு அதில் மூன்றில் ஒரு பங்குகூட இராது; அதில் நாற்காலியைத் தள்ளினால் தள்ளுபவரும் சேர்ந்து விழுவார். நம் ஊரில் "ராம்ப் வைத்திருக்கிறோம்" என்று காட்டப்படும் பலவும் இந்த ஜாதிதான். பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி என்பவர் 2005-இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8-ஆம் தேதி தந்த தீர்ப்பின் சாரமும் இதுவே. வசதிகளைப் பற்றிய விதிகள் வெறும் வழிகாட்டுதலாக, செய்தால் செய்யலாம் என்கிற பாவனையில் இருந்தால் சட்டத்துக்கு ஒவ்வாது. கட்டாயமாகப் பின்பற்ற வேண்டியவற்றைத் தனியே வரையறுத்துச் சொல் என்று அரசுக்குக் கட்டளையிட்டது. நம் பங்கின் கொள்கையிலும் "இயன்ற அளவு", "கூடுமானவரை" என்ற சொற்களை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு நல்லது. அச்சொற்களுக்குள் பத்துப் பதினைந்து வருஷம் சுகமாகத் தூங்கலாம்.

கொள்கை மீறப்பட்டால் என்ன செய்வது என்பதும் எழுதியிருக்க வேண்டும். திங்கட்கிழமை ஆட்சியரிடம் மனு என்றால் விருதுநகருக்குப் பஸ் ஏற வேண்டும். நடக்க இயலாதவர்க்கு அது ஒரு நாள் யாத்திரை. ஆனால் நமக்கு ஒரு வசதி இருப்பது பலருக்குத் தெரியாது. விருதுநகர் மாவட்டத்தின் மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. இலவசச் சட்ட உதவிக்கான மாவட்ட ஆணைக்குழுவும் அங்கேயே. 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி, மாற்றுத்திறனாளி என்ற ஒரே காரணத்துக்காக, வருமானம் பார்க்காமல், வக்கீல் வைத்துத் தருவார்கள். பெரிய சங்கங்கள் தெருவில் போராடுகிற அதே கையால் வழக்கும் போடுவது இதனால்தான். நாங்கள் இதுவரை அந்தப் படியேறியது இரண்டு தடவை. இரண்டிலும் கையிலிருந்த மனுவின் நகலும் தேதி போட்ட ரசீதும் எங்களுக்காகப் பேசின.

வரைவுக்கு வருகிறோம். எங்கள் குழுவில் ஒன்பது பேர். அவர்களில் ஐவர் மாற்றுத்திறனாளிகள், இருவர் பெற்றோர். வரைவு ஒன்றரைப் பக்கம்தான். மாற்றுத்திறனாளிகளைத் தொட்ட எந்த முடிவையும் அவர்களில் இருவராவது இல்லாத கூட்டத்தில் எடுப்பதில்லை என்பது அதன் முதல் வரி. பங்குப் பேரவையில் அவர்களுக்கு இடம். நியமனத்தால் அன்று, அன்பியங்களின் தேர்தலால். கேளாமல் படமெடுப்பதில்லை. பாடகர் குழு கீழே இறங்கிப் பாடுவது. முகப்பில் 18 அடிச் சாய்தளம், அதற்கு நாளும் தொகையும் குறித்து. பள்ளிக்கூடத்தின் சம வாய்ப்புக் கொள்கை அடுத்த கல்வியாண்டுக்குமுன். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இதே சபையில் இதை வாசித்து, எது நடந்தது, எது நடக்கவில்லை என்று சொல்வது. சாய்தளத்துக்குக் கொடிமரத்தின் பக்கத்து வேப்பமரம் குறுக்கே நிற்கிறது. அதை வெட்டுவதா, சாய்தளத்தை வளைப்பதா என்பதில் எங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பிரதிகள் மன்றத்து வாசலில் இருக்கின்றன. பெரிய எழுத்துப் பிரதி பத்து உண்டு. படிக்க இயலாதவர்களுக்காக வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் வாசித்துக் காட்டுவோம். சைகையில் சொல்லவும் ஒருவர் வருகிறார். வெளியே வர இயலாதவர்கள் உங்கள் தெருவில் இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள், நாங்கள் வீட்டுக்கே போய் வாசிக்கிறோம். திருத்தங்களை மாத இறுதிக்குள் தாருங்கள். வாய்மொழியாகச் சொன்னாலும் எழுதிக்கொள்வோம்.